ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை விடலாமா? ஸ்டென்டும் பைபாஸும்: வியாபாரிகள் போட வேண்டிய கணக்கு

மலையக நகரங்களில் கடை வைத்திருப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நெஞ்சு நோவு வந்தாலும் முதலில் கணக்குக் கொப்பியைத்தான் பார்ப்பார்கள். தோட்டங்களில் சம்பளம் போடும் நாள் நெருங்குகின்றதா, ஏப்ரல் மாத நுவரெலியா சீசனுக்குச் சரக்கு இறக்கியாயிற்றா, சிவனொளிபாதமலைப் பருவத்தில் ஹட்டன் வழியாக வரும் கூட்டத்தை யார் கவனிப்பது என்பதெல்லாம் தீர்ந்த பிறகுதான் வைத்தியரிடம் போவார்கள். கண்டியிலோ கொழும்பிலோ அஞ்ஜியோகிராம் செய்து "மூன்று குழாய்களில் அடைப்பு இருக்கின்றது" என்று சொல்லப்படும்போதும், அவர்கள் கேட்கும் முதற் கேள்வி வியாபாரக் கேள்விதான்: "டொக்டர், எத்தனை நாளில் கடைக்குப் போகலாம்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதை முதற் கேள்வியாகக் கேட்டால் பதில் எப்போதும் ஒரு பக்கமே சாயும். ஒரு குழாயில் ஸ்டென்ட் வைத்தால் ஒரு வாரத்தில் கல்லாவில் உட்காரலாம். பைபாஸ் என்றால் நெஞ்செலும்பைப் பிளந்து செய்யும் சத்திரசிகிச்சை. பழைய வேலைக்குத் திரும்ப இரண்டு மூன்று மாதமாகும். எனவேதான் பலர், "ஒண்டுக்கு மட்டும் ஸ்டென்ட் போட்டுவிடுங்கோ, மத்ததைப் பிறகு பார்ப்போம்" என்று கேட்டுக்கொள்கிறார்கள். அந்தப் "பிறகு பார்ப்போம்" என்ற சொல்லின் விலை என்ன என்பதே இக்கட்டுரையின் விடயம்.

வைத்திய விடயத்துக்கு வர்த்தகப் பக்கத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பெரிய கம்பனியில் பணிப்பாளர் படுத்துவிட்டால் இன்னொருவர் கையெழுத்திடுவார். நமது சில்லறைக்கடையிலும் புடவைக்கடையிலும் ஹோட்டலிலும் அப்படியில்லை. கொடுக்கல் வாங்கல் எல்லாம் முதலாளியின் மனதில் இருக்கின்றது. அவருடைய இருதயத்தில்தான் வியாபாரமும் ஓடுகின்றது.

மாரடைப்பு ஆளையும் வயதையும் பார்த்து வருவதில்லை. மலையக மக்கள் முன்னணியின் தலைவர் பெ. சந்திரசேகரன் 2010 ஜனவரி முதலாம் திகதி மாரடைப்பால் காலமானபோது அவருக்கு வயது 52. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவரும் அமைச்சருமான ஆறுமுகன் தொண்டமான் 2020 மே 26 ஆம் திகதி அவ்வாறே காலமானபோது வயது 55. வாகனமும் ஆட்களும் வசதியும் உள்ளவர்களுக்கே இந்த நிலையென்றால், இரவில் பஸ் ஓடாத தோட்டப் பாதையில் கடை வைத்திருப்பவரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டும் செய்வது என்ன?

இருதயத்தின் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களை முடியுரு நாடிகள் என்பார்கள். பிரதானமானவை மூன்று. இடப்பக்கத்துக் குழாய் ஒரு சிறிய அடிமரமாகத் தொடங்கி இரண்டாகப் பிரிகின்றது. வலப்பக்கத்தில் மற்றொன்று. இவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து பாதை ஒடுங்குவதுதான் அடைப்பு.

அஞ்ஜியோபிளாஸ்டி என்பது மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, ஒடுங்கிய இடத்தில் சிறு பலூனை ஊதி விரித்து, மறுபடியும் ஒடுங்காதபடி ஸ்டென்ட் எனும் வலைக்குழாயை அங்கே நிறுத்துவதாகும். 1977 செப்டெம்பரில் சூரிச் நகரில் அன்ட்ரியாஸ் க்ருன்ட்ஸிக் என்ற வைத்தியர் இதை முதன்முதலில் இருதயக் குழாயில் செய்தார். அன்று ஸ்டென்ட் இருக்கவில்லை, பலூன் மட்டும்தான். பைபாஸ் என்பது காலிலிருந்தோ மார்பின் உட்புறத்திலிருந்தோ ஒரு குழாயை எடுத்து, அடைப்புக்கு அப்பால் இணைத்து, இரத்தத்துக்கு மாற்று வழி அமைப்பதாகும். காலிலிருந்து எடுத்த நாளத்தைக் கொண்டு இதைச் செய்யும் முறையை 1967 இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் வைத்தியசாலையில் நிலைநாட்டியவர் ஆர்ஜென்டீனாவைச் சேர்ந்த ரெனே ஃபவலோரோ.

நமது பாதைகளை நினைத்தால் வித்தியாசம் எளிதில் விளங்கும். ஹட்டன் - நுவரெலியா வீதியில் ஓரிடத்தில் மண் சரிந்தால், அந்த மண்ணை அள்ளிப் பாதையைத் திறக்கலாம். அது ஸ்டென்ட். ஆனால் அடுத்த மழைக்கு அரை மைல் மேலே இன்னொரு சரிவு வந்தால் பாதை மறுபடியும் மூடும். சரிவு விழக்கூடிய பகுதி முழுவதையும் சுற்றிக்கொண்டு போகும் வேறு பாதை ஒன்றை வெட்டினால் அது பைபாஸ். பழைய பாதையில் பிறகு எங்கே மண் விழுந்தாலும் லொறி போய்ச் சேரும். பல குழாய்களில் நீளமாக நோய் பரவியவர்களுக்கு பைபாஸ் கூடுதலாக உதவுவதற்குக் காரணம் இதுதான்.

"பாதி" வேலையில் மூன்று வகை

சில குழாய்களை மட்டும் திறந்து, மற்றவற்றை அப்படியே விடுவதைப் பாதி அஞ்ஜியோபிளாஸ்டி என்று வைத்துக்கொள்வோம். இதில் மூன்று வகை உண்டு. மூன்றும் வெளியில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணக்கு வேறு வேறு.

முதலாவது, அவசர வேலை. மாரடைப்பு வந்து ஒரு குழாய் முற்றாக மூடிவிட்டது. அந்த நேரத்தில் அந்தக் குழாயைத் திறப்பதுதான் உயிர் காக்கும் காரியம். மற்றக் குழாய்களின் அடைப்பைப் பற்றி அன்றைக்கு அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. இங்கே பாதி வேலை என்பது சரியான வேலை.

இரண்டாவது, தவணை வேலை. இன்று ஒன்று, சில வாரங்களில் மற்றது என்று வைத்தியரே திகதி குறித்துச் செய்வது.

மூன்றாவது, விட்டுவிட்ட வேலை. பெரிய குழாயொன்றில் கடுமையான அடைப்பு இருக்கின்றது. திறக்கவும் இல்லை, திகதியும் இல்லை. நோயாளிக்கு நோவு நின்றுவிட்டதால் மறந்துவிட்டார். நம்மவர்களில் பலர் மாட்டிக்கொள்வது இங்குதான்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு நன்கு தெரிந்த ஓர் உதாரணம் உண்டு. 2021 ஜனவரி 2 ஆம் திகதி இந்திய அணியின் முன்னாள் தலைவர் சௌரவ் கங்குலி கொல்கத்தாவில் தமது வீட்டில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தபோது நெஞ்சு நோவு வந்து வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். அப்போது வயது 48. மூன்று குழாய்களில் அடைப்பு இருந்தது. அன்று வலப்பக்கக் குழாயில் மட்டும் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பின்னர் வைத்தியர் குழுவொன்று கூடி, பைபாஸ் உட்பட எல்லா வழிகளையும் ஆராய்ந்து, மீதியையும் அஞ்ஜியோபிளாஸ்டி மூலமே செய்யலாம், அதற்கு அவகாசம் உண்டு என்று தீர்மானித்தது. 7 ஆம் திகதி அவர் வீடு திரும்பினார். அதே மாதம் 28 ஆம் திகதி மேலும் இரண்டு ஸ்டென்ட் வைக்கப்பட்டன. முதல் ஸ்டென்டுக்கும் மற்ற இரண்டுக்கும் இடையில் நான்கு வாரம்கூட ஆகவில்லை. அது அவசர வேலையாகத் தொடங்கித் தவணை வேலையாக முடிந்தது.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. 2019 இல் வெளியான "கம்ப்ளீட்" எனும் ஆய்வில், மாரடைப்பு வந்து பல குழாய்களில் அடைப்பிருந்த 4,041 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதியினருக்கு மாரடைப்பை உண்டாக்கிய குழாய் மட்டும் திறக்கப்பட்டது. மற்றப் பாதியினருக்கு மீதி அடைப்புகளும் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் திறக்கப்பட்டன. சுமார் மூன்று வருடங்களில் இருதய மரணம் அல்லது மறு மாரடைப்பு முதலாவது பிரிவில் 100 பேரில் 10.5, இரண்டாவது பிரிவில் 7.8. ஆகவே மாரடைப்புக்குப் பிறகு "மற்றதைப் பிறகு பார்ப்போம்" என்றால் அந்தப் "பிறகு" சில வாரங்களுக்குள் வர வேண்டும்.

பைபாஸ் முந்துவது எப்போது?

மாரடைப்பின் அவசரம் இல்லாமல், நடக்கும்போது நெஞ்சு இறுக்கம் வருகின்றது என்று போய் அஞ்ஜியோகிராம் செய்தவர்களின் நிலை வேறு. இவர்களுக்கு உட்கார்ந்து யோசிக்க நேரம் உண்டு. இங்கேதான் ஸ்டென்டா பைபாஸா என்ற கேள்வி உண்மையில் எழுகின்றது.

2009 இல் முதல் முடிவுகள் வெளியான "சின்டக்ஸ்" ஆய்வில் மூன்று குழாய் நோயோ இடப்பக்க அடிமரத்தில் அடைப்போ உள்ள 1,800 பேர் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு வருடத்துக்குள் மறுபடியும் குழாய் திறக்க வேண்டி வந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 100 இற்கு 13.5, பைபாஸ் பிரிவில் 5.9. பக்கவாதம் பைபாஸ் பிரிவில் கூட: 2.2, மற்றதில் 0.6. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது மூன்று குழாய் நோய் உள்ளவர்களில் ஸ்டென்ட் பிரிவில் 100 இற்கு 28 பேரும் பைபாஸ் பிரிவில் 21 பேரும் இறந்திருந்தார்கள். அடிமர அடைப்பு உள்ளவர்களில் அப்படியான பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இந்த ஆய்வின் பெயரிலேயே ஒரு புள்ளி முறையும் வந்தது. அஞ்ஜியோகிராம் படத்தைப் பார்த்து அடைப்புகளின் எண்ணிக்கை, இடம், சிக்கல் ஆகியவற்றுக்குப் புள்ளி போடுவார்கள். 22 வரை குறைவு, 33 இலிருந்து கூட. புள்ளி கூடக்கூட பைபாஸின் பக்கம் தராசு சாயும். ஸ்டென்ட் வைத்த பிறகு மிச்சமாக இருக்கும் அடைப்புகளுக்கும் இதேபோல் புள்ளி போடலாம். மிச்சப் புள்ளி 8 இற்கு மேல் இருந்தவர்களிடம் பிற்காலத்தில் மரணம் கூடுதலாக இருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. வியாபாரப் பாஷையில் சொன்னால், கட்டிய தொகையைவிடக் கட்டாமல் விட்ட பாக்கியைத்தான் பார்க்க வேண்டும்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2012 இல் வெளியான "ஃப்ரீடம்" ஆய்வு, சீனி வருத்தமும் பல குழாய் அடைப்பும் உள்ள 1,900 பேரைப் பற்றியது. ஐந்து வருடத்தில் மரணம் ஸ்டென்ட் பிரிவில் 100 இற்கு 16.3, பைபாஸ் பிரிவில் 10.9. மாரடைப்பு 13.9 இற்கு எதிராக 6.0. பக்கவாதம் மட்டும் மறுபக்கம்: ஸ்டென்ட் 2.4, பைபாஸ் 5.2. சீனி வருத்தக்காரர்களின் குழாய்களில் நோய் ஓரிடத்தில் நில்லாமல் நீளத்துக்குப் பரவுவதே இதற்குப் பிரதான காரணம். நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து, சீனி போட்ட பிளேன்டீயை மணிக்கொரு தரம் குடிக்கும் நமது வர்த்தகர்களில் எத்தனை பேருக்கு இந்த வருத்தம் உண்டு என்று நமக்கே தெரியும்.

இந்தியாவின் முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங்கின் வரலாறு இதற்கு நல்ல பாடம். அவருக்குச் சீனி வருத்தம் இருந்தது. 1990 இல் பிரித்தானியாவில் பைபாஸ் செய்துகொண்டார். பிற்காலத்தில் ஸ்டென்டும் வைக்கப்பட்டது. மறுபடியும் பல அடைப்புகள் வந்தபோது, பிரதமர் பதவியில் இருக்கும்போதே, தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், 2009 ஜனவரி 24 ஆம் திகதி டில்லி எய்ம்ஸ் வைத்தியசாலையில் தமது 76 ஆவது வயதில் இரண்டாவது பைபாஸ் செய்துகொண்டார். சில வாரங்கள் பொறுப்புகளை மற்றவர்கள் பார்த்தார்கள். அந்த வருடம் மே மாதம் தேர்தலில் வென்று மேலும் ஐந்து வருடம் பிரதமராக இருந்தார். 2024 டிசெம்பரில் 92 ஆவது வயதில் காலமானார். ஒரு நாட்டை நடத்துபவரே சில வாரம் விலகி நிற்க முடியுமென்றால், நமது கடையை மூன்று மாதம் மகனிடமோ தம்பியிடமோ ஒப்படைக்க முடியாது என்று சொல்வது கஷ்டம்.

அதேநேரம் பைபாஸ் செய்துவிட்டால் கதை முடிந்தது என்றும் எண்ணக் கூடாது. அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி பில் கிளின்டன் 2004 செப்டெம்பரில் நான்கு இணைப்புகளுடன் பைபாஸ் செய்துகொண்டார். 2010 பெப்ரவரியில் அவருக்கு மறுபடியும் அடைப்பு வந்து இரண்டு ஸ்டென்ட் வைக்கப்பட்டன. மார்பின் உட்புற நாடியைக் கொண்டு செய்த இணைப்பு பத்து வருடத்துக்குப் பிறகும் 100 இல் 90 பேருக்கு மேல் திறந்திருக்கும். காலிலிருந்து எடுத்த நாளங்கள் அப்படியல்ல; பத்து வருடத்தில் அவற்றில் ஏறக்குறைய பாதி மூடிவிடலாம் அல்லது ஒடுங்கிவிடலாம். மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் இரண்டு வழிக்கும் பொதுவானவை.

பாதி போதுமானது எப்போது?

எல்லா அடைப்பையும் திறந்தே ஆக வேண்டும் என்பதும் சரியல்ல. படத்தில் பயங்கரமாகத் தெரியும் ஓர் அடைப்பு, இரத்த ஓட்டத்தை உண்மையில் தடுக்காமல் இருக்கலாம். குழாய்க்குள் அழுத்தம் அளக்கும் கம்பி ஒன்றைச் செலுத்தி இதைப் பரிசோதிக்கலாம். அளவு 0.80 இற்கு மேல் இருந்தால் பொதுவாக அந்த அடைப்பை மருந்தோடு விட்டுவிடுவார்கள். சிறிய கிளைக் குழாய்களையும் அப்படியே விடுவதுண்டு. அது விட்டுவிட்ட வேலை அல்ல. அளந்து பார்த்து விட்ட வேலை.

வயது மிக முதிர்ந்தவர்கள், சிறுநீரகம் அல்லது நுரையீரல் பழுதடைந்தவர்கள், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள் ஆகியோருக்கு நெஞ்சைத் திறப்பதே பெரிய ஆபத்தாகலாம். அவர்களுக்கு நோவைத் தரும் ஒரு குழாயை மட்டும் திறந்துவிட்டு, மீதியை மருந்தால் கட்டுப்படுத்துவதே நல்ல முடிவாக இருக்கும்.

இன்னொரு விடயம். 2020 இல் வெளியான "இஸ்கீமியா" ஆய்வில், நிலையான இருதயக் குழாய் நோயுள்ள 5,179 பேரில் ஒரு பிரிவினருக்கு உடனே அஞ்ஜியோகிராமும் தேவைக்கேற்ப ஸ்டென்ட் அல்லது பைபாஸும், மற்றப் பிரிவினருக்கு முதலில் மருந்து மட்டும் என்று கொடுக்கப்பட்டது. மரணத்திலும் மாரடைப்பிலும் மொத்தத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை; நோவு உள்ளவர்களுக்கு நோவு குறைவதில் முதலாவது பிரிவு முந்தியது. இடப்பக்க அடிமரத்தில் அடைப்பு உள்ளவர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம், நிலையான நோயாளிக்கு "இன்றே இப்போதே" என்ற அவசரம் பெரும்பாலும் இல்லை என்பதே. அஞ்ஜியோகிராம் மேசையில் படுத்தபடியே தலையாட்டத் தேவையில்லை. எழும்பி வந்து, வீட்டாருடன் பேசி, இரண்டாவது அபிப்பிராயம் கேட்கலாம். ஆனால் ஓய்வாக இருக்கும்போதே நோவு வருகின்றது, நாளுக்கு நாள் கூடுகின்றது என்றால் இந்த அவகாசம் இல்லை.

மலைநாட்டின் தனிக் கணக்கு

கொழும்பில் இருப்பவருக்கும் பொகவந்தலாவையில் இருப்பவருக்கும் ஒரே அடைப்பு இருந்தாலும் ஆபத்து ஒன்றல்ல. மாரடைப்பின்போது குழாயைத் திறக்கும் வசதியுள்ள இடத்துக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர்ந்து சிகிச்சை பெற முடியாவிட்டால், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அருகிலுள்ள வைத்தியசாலையிலேயே போட்டுவிட்டுப் பிறகு அனுப்புவதுதான் முறை. நமது வளைவுப் பாதைகளில், மழையிலும் பனிமூட்டத்திலும், கண்டிக்கு இரண்டு மணித்தியாலத்தில் போவது நிச்சயமில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது பாதைகளே இல்லாமற் போனதையும் கண்டோம்.

எனவே பெரிய குழாயொன்றில் அடைப்பை மிச்சம் வைத்துக்கொண்டு மலைக்குத் திரும்புபவர், அந்தத் தூரத்தையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். நெஞ்சு நோவு வந்தால் கடைப் பையனை அனுப்பி முச்சக்கரவண்டி தேடாமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்த டிக்கோயா வைத்தியசாலையோ, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையோ, எது அருகில் இருக்கின்றதோ அங்கே முதலில் போய் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். கொழும்பில் தெரிந்த டொக்டர் இருக்கிறார் என்று வானைப் பிடித்துக்கொண்டு புறப்படுவது உயிரோடு விளையாடுவதாகும்.

குளிரும் ஒரு காரணி. குளிரில் குழாய்கள் சுருங்கும், இரத்த அழுத்தம் ஏறும். அதிகாலையில் சரக்கு இறக்க ஓடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பணக் கணக்கு

அரச வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சைகள் இலவசம். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் இரண்டும் செய்யப்படுகின்றன. ஆனால் பைபாஸுக்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு. உங்கள் பெயர் எந்த இடத்தில் இருக்கின்றது, காத்திருக்கும் காலம் உங்கள் அடைப்புக்குப் பாதுகாப்பானதா என்பதை வைத்தியரிடமே கேட்க வேண்டும். தனியார் வைத்தியசாலைக்குப் போகும் வசதி குறைந்தவர்கள் ஜனாதிபதி நிதியத்திடம் உதவி கேட்கலாம். 2025 முதல் விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்க முடிகின்றது. சத்திரசிகிச்சைக்கு முன்னரே விசாரித்து விண்ணப்பியுங்கள்.

தனியாரில் செய்பவர்கள் ஒரு தவறான ஒப்பீட்டைச் செய்கிறார்கள். ஒரு ஸ்டென்டின் செலவையும் முழு பைபாஸின் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். இது ஒரு மூட்டை அரிசியின் விலையையும் ஒரு லொறி அரிசியின் விலையையும் ஒப்பிடுவது போன்றது. மூன்று குழாய்க்கும் ஸ்டென்ட் வைக்க ஆகும் மொத்தச் செலவு, இரண்டாம் தவணைக்குப் போய்வரும் செலவு, இடையில் மறுபடியும் அடைத்தால் ஆகும் செலவு, இத்தனை முறை கடை மூடும் நாட்கள் எல்லாவற்றையும் ஒரு பக்கம் எழுதுங்கள். மறுபக்கம் பைபாஸ் செலவையும் மூன்று மாத இழப்பையும் எழுதுங்கள். அப்போதுதான் கணக்குச் சமமாகும். சிலருக்கு அப்படியும் ஸ்டென்ட் இலாபமாக வரும். பலருக்கு வராது.

காப்புறுதியோ தகாபுலோ இருந்தால் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். பைபாஸுக்கு ஒரு தொகை, ஸ்டென்டுக்கு வேறு தொகை என்று இருக்கலாம்.

கடையை ஒப்படைப்பது

பைபாஸைத் தள்ளிப்போடுவதற்கு வர்த்தகர்கள் சொல்லும் உண்மையான காரணம் பயமல்ல, கடையைப் பார்க்க ஆளில்லை என்பதே. இதற்கும் தயாராகலாம். யாரிடம் எவ்வளவு வர வேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பின்திகதியிட்டுக் கொடுத்த காசோலைகளின் பட்டியல் தனியாக இருக்கட்டும். வங்கிக் கணக்கில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுங்கள். மொத்த வியாபாரிகளிடம் முன்கூட்டியே பேசித் தவணை கேளுங்கள்; விடயம் தெரிந்தால் மறுப்பவர் குறைவு. சம்பள நாள்களில் மட்டும் உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். கடன் விபரத்தை எழுதி வைப்பது மார்க்கமும் நமக்குச் சொல்லித் தந்த விடயம்தான். ஸ்டென்டோ பைபாஸோ, எதற்குப் போவதாயினும் இது தேவை.

நல்ல உடல்நிலையில் திட்டமிட்டு பைபாஸ் செய்துகொள்பவர்களில் உயிராபத்து பொதுவாக 100 இல் ஒன்று இரண்டு பேருக்குத்தான். சுமார் ஒரு வாரத்தில் வீட்டுக்கு வரலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் கல்லாவில் சிறிது நேரம் உட்காரலாம். பிளந்த நெஞ்செலும்பு பொருந்தும் வரை, ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு, அரிசி மூட்டையோ மாவு மூட்டையோ தூக்கக் கூடாது.

ஸ்டென்ட் வைத்தவர்கள் மறக்கக் கூடாதது மாத்திரை. அஸ்பிரினும் அதனுடன் தரப்படும் இரண்டாவது மாத்திரையும் ஸ்டென்டுக்குள் இரத்தம் உறையாமல் காப்பவை. இரண்டையும் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சேர்த்துக் குடிக்க வேண்டும். பல் பிடுங்குவதற்காகவோ விலை கூடியதற்காகவோ தாமாக நிறுத்தியவர்களுக்கு ஸ்டென்ட் திடீரென்று மூடி மாரடைப்பு வந்த சம்பவங்கள் உண்டு. நோன்பு காலத்துக்கு முன்னரே வைத்தியரைச் சந்தித்து, ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்றபடி மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா, நோன்பு பிடிக்கவே முடியுமா என்று கேளுங்கள். புகைத்தலை விடாதவருக்கு ஸ்டென்டும் பைபாஸும் குறுகிய காலப் பண்டங்களே.

கேட்க வேண்டிய கேள்விகள்

அஞ்ஜியோகிராம் செய்ததும் அதன் சீ.டி.யைக் கேட்டு வாங்குங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. இரண்டாவது வைத்தியர் படத்தைப் பார்த்தால்தான் அபிப்பிராயம் சொல்ல முடியும். பிறகு இந்தக் கேள்விகளை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்:

1. அடைப்பு எந்தெந்தக் குழாய்களில்? இடப்பக்க அடிமரத்தில் உண்டா?
2. என் சின்டக்ஸ் புள்ளி எவ்வளவு?
3. இருதயத்தின் இயங்கு திறன் எப்படி இருக்கின்றது?
4. நீங்கள் சொல்லும் ஸ்டென்ட் வைத்த பிறகு எந்தக் குழாய் மூடியபடியே இருக்கும்?
5. அதை விடுவது அளந்து பார்த்தா, அல்லது செய்ய முடியாததாலா?
6. மீதியைச் செய்வதானால் எந்தத் திகதியில்?
7. எனக்குள்ள சீனி வருத்தம் இந்தத் தீர்மானத்தை மாற்றுமா?
8. இருதய சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரும் என் படத்தைப் பார்த்தாரா?

எட்டாவது கேள்வி முக்கியமானது. ஸ்டென்ட் வைப்பவரும் பைபாஸ் செய்பவரும் சேர்ந்து ஒரே படத்தைப் பார்த்துத் தீர்மானிப்பதே இன்று உலகம் ஏற்றுக்கொண்ட முறை. கேட்டால் எந்த நல்ல வைத்தியரும் கோபிக்க மாட்டார்.

நான்காவதற்கும் ஆறாவதற்கும் தெளிவான பதில் கிடைத்தால், பாதி அஞ்ஜியோபிளாஸ்டியோடு தைரியமாக வீடு திரும்பலாம். இரண்டுக்கும் பதில் "பிறகு பார்ப்போம்" என்றால், கடை திறக்கும் திகதியைக் குறிப்பதற்கு முன்னர், அந்த சீ.டி.யோடு சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரைச் சந்திக்கும் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.